ரோமானிய வெள்ளி நாணயத்தைப் படிக்கும் முறை: எடையில் தொடங்கி அரசச் சின்னம் வரை முழுமையான வழிகாட்டி

ரோமானிய வெள்ளி நாணயம் ஒன்றைக் கையில் எடுக்கும் புதியவர்களில் பெரும்பாலோர் முதலில் அதன் பின்பக்கத்தைத்தான் பார்க்கிறார்கள். அங்கே கழுகு தெரிந்தால் ஜூபிடர் என்றும், பெண்ணுருவம் தெரிந்தால் வெற்றித் தேவதை என்றும் முடிவுகட்டிவிட்டு, அந்த முடிவுக்கு ஏற்றபடி மற்ற விவரங்களை வளைக்கிறார்கள். ஆனால் அதே கழுகு இரண்டு படைக்கொடிகளுக்கு நடுவே நின்றால் அது லீஜியன் படைப்பிரிவின் கொடிச்சின்னம். 'கான்செக்ராட்டியோ' என்ற சொல்லோடு நின்றால் இறந்த பேரரசரைத் தெய்வமாக்கியதன் அறிவிப்பு. ஜூபிடரின் கையிலோ காலடியிலோ இருந்தால் அந்தக் கடவுளின் பறவை. எந்தப் பொருள் சரி என்பதை உருவம் தனியாக நின்று சொல்லாது.

ஆகவே இந்த வழிகாட்டி ஒரே ஒரு வரிசையை வலியுறுத்துகிறது: முதலில் எடையும் உலோகமும், பிறகு முகப்பு (தலை உள்ள முன்பக்கம்), பிறகு எழுத்து, பிறகு ஆண்டு, அதன் பிறகே பின்பக்கத்துச் சின்னம். முதல் ரோமானியப் பேரரசரான அகஸ்டஸின் காலம் முதல் கி.பி. 3ஆம் நூற்றாண்டின் முற்பாதி வரை அச்சிடப்பட்ட தினாரியஸ் என்னும் வெள்ளி நாணயத்தை மையமாக வைத்து எழுதியிருக்கிறேன். லத்தீன் சுருக்கங்களை எழுத்துகளின் பெயராலேயே, 'ஐஎம்பி' என்பதுபோல், குறித்திருக்கிறேன். நாணயத்தில் நீங்கள் பார்க்கப்போவது அந்த எழுத்துகளைத்தான்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

0.01 கிராம் வரை காட்டும் மின்னணுத் தராசு, வெர்னியர் அளவி, பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கைலென்ஸ், திசைமாற்றி வைக்கக்கூடிய மேசை விளக்கு, மென்மையான தடித்த துணி, குறிப்பேடு ஆகியவை போதும். துணியை மேசைமேல் விரித்து அதன்மேல் மட்டுமே நாணயத்தைக் கையாளுங்கள். பழைய வெள்ளி மண்ணுக்குள் கிடந்த காலத்தில் உள்ளுக்குள் படிகமாகிப் பொடியும் தன்மை பெற்றிருக்கலாம். பார்வைக்கு உறுதியாக இருக்கும் காசுகூட ஒரு சாண் உயரத்திலிருந்து தரையில் விழுந்தால் இரண்டாக உடையக்கூடும்.

விளக்கை நேர் மேலே வைக்காமல், நாணயத்தின் மட்டத்துக்குச் சற்று மேலே, பக்கவாட்டில் வையுங்கள். தேய்ந்த எழுத்துகளின் மேடுபள்ளம் மேலிருந்து விழும் ஒளியில் மறைந்துபோகும். பக்கவாட்டு ஒளியில் நிழல் விழுவதால் தெரியவரும். ஒரே திசையில் வைத்துப் பார்த்துவிட்டு 'எழுத்து அழிந்துவிட்டது' என்று எழுதிவிடுவது அடிக்கடி நேரும் பிழை. விளக்கை ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்த்த பிறகே அப்படி எழுத வேண்டும்.

2. எதையும் தேய்க்காதீர்கள்

நம் வீடுகளில் வெள்ளிப் பாத்திரத்தைப் புளி, திருநீறு, பற்பசை ஆகியவற்றால் துலக்கும் வழக்கம் இருப்பதால், கறுத்த காசைக் கண்டதும் கை தானாக அதை நோக்கிப் போகிறது. இதைத் தடுப்பதுதான் இந்த வேலையில் மிக முக்கியமான ஒழுக்கம் என்று நான் கருதுகிறேன். திருநீறும் பற்பசையும் நுண்ணிய அரைப்புப் பொருள்கள். அவை மேற்பரப்பில் மயிரிழைக் கீறல்களை உண்டாக்கி, அச்சு அடித்தபோது ஏற்பட்ட உலோக ஓட்டக் கோடுகளை அழித்துவிடும். அந்தக் கோடுகள்தான் பின்னர் உண்மைத்தன்மையைச் சோதிக்கும்போது நமக்குத் தேவைப்படுபவை. புளியின் அமிலம், கலப்பிலுள்ள செம்பை மேற்பரப்பிலிருந்து தின்றுவிட்டு, வெளியே பொய்யான வெண்மையைத் தரும்.

ஒட்டியிருக்கும் மண்ணை மட்டும் நீக்க வேண்டுமானால், காய்ச்சி வடித்த நீரில் ஊறவிட்டு, தானாகக் கரைவதைக் கரையவிடுங்கள். விளிம்பில் விரிசலோ, மேற்பூச்சு உரிந்த இடமோ தெரிந்தால் அதையும் செய்யக் கூடாது. நீர் உள்ளே புகுந்தால் உட்புறச் செம்பு மேலும் அரிக்கும்.

நகைக்கடையில் உரைகல்லில் உரசிப் பார்க்கக் கொடுப்பதும் இதே வகைத் தீங்குதான். உரைகல் மேற்பரப்பு உலோகத்தை மட்டுமே சொல்லும். விளிம்பில் ஒரு புதிய தேய்மானத்தையும் விட்டுச்செல்லும்.

3. எடை, விட்டம், அச்சுத் திசை

உருவத்தைப் பார்க்குமுன் எடையை எழுதிவிடுங்கள். பார்த்த பிறகு எடுத்தால், நாம் எதிர்பார்க்கும் பேரரசருக்கு ஏற்ற எடையாக மனம் அதை ஏற்றுக்கொள்ளத் தொடங்கும்.

எடை ஏன் காலத்தைச் சொல்கிறது என்பதற்குக் காரணம் எளியது. அகஸ்டஸ் காலத்தில் ஒரு ரோமானிய இறாத்தல் வெள்ளியிலிருந்து 84 தினாரியஸ்கள் அடிக்கப்பட்டன. அந்த இறாத்தலைச் சுமார் 325 கிராம் எனக் கொண்டால் ஒரு காசு ஏறத்தாழ 3.9 கிராம். கி.பி. 64இல் நீரோ அதை 96 ஆக்கினார்; எடை ஏறத்தாழ 3.4 கிராமுக்கு இறங்கியது, வெள்ளியின் தூய்மையும் குறைந்தது. செப்டிமியஸ் செவெரஸ் காலத்தில் வெள்ளி ஏறத்தாழ பாதியாகச் சரிந்தது. 215இல் காரகல்லா, 5 கிராம் அளவிலான, கதிர்முடி அணிந்த தலையுடைய புதிய காசைக் கொண்டுவந்தார். அதை இன்று அந்தோனினியானுஸ் என்கிறோம்.

இதிலிருந்து பெறும் பயன்: 3.8 கிராம் எடையுள்ள நல்ல வெள்ளிக் காசில் செவெரஸ் முகம் இருப்பதாகத் தோன்றினால், முகத்தை மீண்டும் பாருங்கள். ஆனால் தலைகீழாக வாதிடக் கூடாது. அகஸ்டஸின் காசு புழக்கத்தில் தேய்ந்து 3.5 கிராமுக்கு வந்திருக்கலாம். எடை காலத்துக்கு ஓர் உச்ச வரம்பை, அதாவது 'இதற்குப் பிந்தியதாக இராது' என்பதை மட்டும், தருவதாகவே கொள்ளுங்கள்.

விட்டம் பெரும்பாலும் 17 முதல் 20 மில்லிமீட்டருக்குள் இருக்கும். கையால் அடித்த காசு வட்டமாக இராது என்பதால், மிகக் கூடுதலான விட்டத்தையும் மிகக் குறைந்த விட்டத்தையும் இரண்டையும் குறியுங்கள்.

அடுத்தது அச்சுத் திசை. முகப்பை நேராகப் பிடித்து, செங்குத்து அச்சில் திருப்பி, பின்பக்க உருவத்தின் தலை கடிகார முகத்தில் எந்த மணியை நோக்குகிறது என்று எழுதுங்கள். முற்காலப் பேரரசுக் காசுகளில் இது பலவாறு மாறும். பிற்பாடு ரோமின் நாணய அச்சகத்தில் 6 மணித் திசை வழக்கமாயிற்று, 12 மணித் திசையும் வரும். ஒரே குவியலில் பல காசுகள் எடை, திசை, கறை எல்லாவற்றிலும் அச்சடித்தாற்போல் ஒத்திருந்தால், ஒரே அச்சுவார்ப்பிலிருந்து வந்த போலிகளோ என்று ஐயப்பட இந்தக் குறிப்பே உதவும்.

4. உலோகமும் உண்மைத்தன்மையும்

உண்மையான தினாரியஸ், சூடாக்கிய உலோக வில்லையை இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்துச் சுத்தியலால் அடித்துச் செய்யப்பட்டது. அடியின் வேகத்தில் உலோகம் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி ஓடுவதால், எழுத்துகளின் அடியில் மெல்லிய ஓட்டக் கோடுகள் தெரியும்; விளிம்பில் சிறு பிளவுகளும் இருக்கலாம். வார்ப்புப் போலியில் இவை இரா. மாறாக, புலத்தில் (உருவத்துக்கும் எழுத்துக்கும் இடையிலான வெற்றுப் பரப்பில்) ஊசிமுனை அளவுக் குழிகளும், எழுத்தோரங்களில் மழுங்கலும், விளிம்பைச் சுற்றி இரண்டு அரை அச்சுகள் சேர்ந்த கோடோ அந்தக் கோட்டை அரத்தால் தேய்த்த தடமோ காணப்படும். கைலென்ஸால் முதலில் விளிம்பைப் பாருங்கள். போலி செய்பவர் முகத்தில் காட்டும் கவனத்தை விளிம்பில் காட்டுவதில்லை.

பழங்காலத்திலேயே செய்யப்பட்ட போலிகளும் உண்டு. செம்பு உள்ளீட்டின்மேல் வெள்ளித் தகடு போர்த்தி அடித்த காசுகளில், தேய்ந்த மேட்டிலும் விளிம்பிலும் செம்பு நிறமோ பச்சைக் களிம்போ எட்டிப்பார்க்கும். இவற்றை எறிந்துவிடக் கூடாது. அவையும் அக்காலப் பணப்புழக்கத்தின் சான்றுகளே. 'உள்ளீடு செம்பு' என்று குறித்து வையுங்கள்.

அடர்த்தியை அளக்க ஆசைப்படுவோருக்கு: தராசின்மேல் நீர் நிறைந்த சிறு குவளையை வைத்துச் சுழியாக்கி, காசை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் நீருக்குள் தொங்கவிட்டால், தராசு காட்டும் கிராம் அளவே காசின் கன சென்டிமீட்டர் அளவு. 3.40 கிராம் காசுக்கு 0.33 என்று காட்டினால் அடர்த்தி 10.3. தூய வெள்ளி 10.49, செம்பு 8.96, இரண்டும் எடையில் பாதிப்பாதி கலந்தால் ஏறத்தாழ 9.7. இந்தக் கணக்கில் புதியவர்கள் ஏமாறும் இடம் தராசின் நுண்மைதான். 0.32 என்று காட்டினால் அடர்த்தி 10.6, 0.34 என்று காட்டினால் 10.0; அதாவது நூறில் ஒரு கிராம் பிசகினாலே, நீரோவுக்கு முந்தைய வெள்ளியா பிந்தைய வெள்ளியா என்ற கேள்விக்கு விடை தலைகீழாகிவிடும். ஆயிரத்தில் ஒரு கிராம் காட்டும் தராசு இல்லையென்றால் இந்தச் சோதனையைச் செம்பு உள்ளீட்டைச் சந்தேகிக்க மட்டும் பயன்படுத்துங்கள். விரிசல் உள்ள காசுக்கு இந்தச் சோதனையே வேண்டாம்.

ஊடுகதிர்க் கைக்கருவி வைத்திருப்பவரிடம் காட்டினால் சில நொடிகளில் வெள்ளி விழுக்காடு கிடைக்கும். ஆனால் அது மேற்பரப்பின் விழுக்காடு. செம்பு கலந்த வெள்ளியில் வெளித்தோலிலிருந்து செம்பு வெளியேறி, தோல் உள்ளுடலைவிடத் தூய்மையாக இருப்பது வழக்கம். ஆகவே அந்த எண்ணை 'மேற்பரப்பில்' என்ற சொல்லோடு மட்டுமே எழுதுங்கள்.

5. முகப்பின் தலை

தலை எந்தப் பக்கம் பார்க்கிறது, தலையில் என்ன இருக்கிறது, கழுத்துக்குக் கீழே என்ன தெரிகிறது என்ற மூன்றையும் பெயர் சூட்டாமல் எழுதுங்கள்.

வாகை மாலை சூடிய தலை ஆளும் பேரரசரின் வழக்கமான அடையாளம். ஒன்றும் அணியாத தலை பெரும்பாலும் சீசர் பட்டம் பெற்ற வாரிசுக்கு உரியது, தெய்வமாக்கப்பட்டவருக்கும் வரும். வெள்ளிக் காசில் கதிர்முடி இருந்தால் அது அந்தோனினியானுஸ். இரட்டை மதிப்பைக் காட்டும் குறி அது என்று கருதப்படுகிறது. அதே வகைக் காசில் பேரரசிக்குக் கதிர்முடிக்குப் பதிலாக மார்பளவு உருவத்தின் அடியில் பிறை வரும். ஞாயிறும் திங்களும் ஆணுக்கும் பெண்ணுக்கும் இப்படிப் பங்கிடப்பட்டிருப்பதைக் கவனித்தால், சின்னங்கள் பின்பக்கத்தில் மட்டும் இல்லை என்பது விளங்கும்.

முகத்தின் வயதை வைத்துக் காலம் கணிப்பது சிலரிடம் பலிக்கும், சிலரிடம் பலிக்காது. நீரோவின் கழுத்து ஆண்டுக்கு ஆண்டு தடிக்கிறது. காரகல்லா சிறுவனாகத் தொடங்கித் தாடி வைத்த முரட்டு முகத்தில் முடிகிறார். அகஸ்டஸோ அறுபது வயதைக் கடந்த பிறகும் நாணயத்தில் இளைஞராகவே இருக்கிறார். மூப்படையாத அந்த முகமே ஓர் அரசியல் அறிவிப்பு. அதை வயதுச் சான்றாகக் கொள்ளக் கூடாது.

6. எழுத்துகளைப் பிரித்தெடுத்தல்

புதியவர்கள் மிகுதியாகத் தடுமாறும் படி இது; அதனால் இங்கே நிதானமாகச் செல்லுங்கள்.

பெரும்பாலான பேரரசுக் காசுகளில் எழுத்து, கடிகாரத்தின் 7 மணி அருகே தொடங்கி வலஞ்சுழியாக ஓடும். அகஸ்டஸ், வெஸ்பாசியன் ஆகியோரின் சில காசுகளில் இடஞ்சுழியாகவும் ஓடும். எங்கே தொடங்குகிறது என்று தெரியாவிட்டால் 'ஐஎம்பி' அல்லது 'சீசர்' என்ற எழுத்துகளைத் தேடுங்கள். தொடக்கம் பெரும்பாலும் அங்கேதான். சொற்களுக்கு நடுவே இடைவெளி பெரும்பாலும் இராது. யு என்ற எழுத்து வி வடிவத்திலேயே இருக்கும்.

தெரியும் எழுத்துகளை மட்டும் முதலில் எழுதுங்கள். தெரியாத இடத்தில் புள்ளி வையுங்கள். ஊகத்தைப் புள்ளியின் இடத்தில் எழுதினால், அரைமணி நேரம் கழித்து அதையே நாணயத்தில் பார்த்ததாக நம்பத் தொடங்குவோம்.

சுருக்கங்களில் அவசியமானவை சிலவே. 'ஐஎம்பி' என்பது இம்பெராத்தோர், படைத்தலைமை. 'ஏவிஜி' என்பது அகஸ்டஸ் என்னும் பட்டம். 'பி எம்' அல்லது 'பொன்ட் மேக்ஸ்' என்பது தலைமைப் பூசாரிப் பதவி. 'டிஆர் பி' என்பது மக்கள் காவலரின் அதிகாரம், ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவது. 'சிஓஎஸ்' என்பது கான்சல் என்னும் உயர் ஆட்சிப் பதவி. 'பி பி' என்பது நாட்டின் தந்தை என்னும் சிறப்பு. 'எஸ் பி க்யூ ஆர்' என்பது ரோமானிய மன்றமும் மக்களும்.

இதில் மூன்று இடங்களில் கால் இடறும். முதலாவது, 'ஐஎம்பி' தொடக்கத்தில் எண்ணின்றி வந்தால் அது பட்டப்பெயர். எண்ணோடு வந்தால் படை வெற்றிக்காக எத்தனை முறை வாழ்த்தப்பட்டார் என்ற கணக்கு. இரண்டையும் ஒன்றாகக் கொண்டால் ஆண்டு தவறிவிடும். இரண்டாவது, 'திவுஸ்' என்று பெயருக்கு முன்னால் வந்தால் அவர் இறந்து தெய்வமாக்கப்பட்டவர். 'திவி எஃப்' என்று வந்தால் அப்படித் தெய்வமானவரின் மகன், அதாவது உயிரோடு ஆள்பவர். மூன்றாவது, ஒரே பெயரைப் பலர் தாங்கியிருக்கிறார்கள். அந்தோனினுஸ் என்ற பெயர் அந்தோனினுஸ் பயஸுக்கும் மார்க்கஸ் அவுரேலியஸுக்கும் காரகல்லாவுக்கும் எலகாபாலஸுக்கும் பொது. 'அந்தோனினுஸ் பயஸ் ஏவிஜி' என்ற எழுத்தைக் கண்டதும் அந்தோனினுஸ் பயஸ் என்று எழுதிவிடுவது தொடக்கநிலையினரின் நிலையான பிழை; பெரும்பாலும் அது இளம் காரகல்லா. அதன் முன்னால் 'ஐஎம்பி' இருந்து, பின்பக்கப் புலத்தில் ஒரு விண்மீனும் இருந்தால் எலகாபாலஸாக இருக்க வாய்ப்பு மிகுதி. முகத்தையும் வெள்ளியின் நிறத்தையும் சேர்த்துப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

7. ஆண்டைக் குறுக்குதல்

'டிஆர் பி'யை அடுத்து எண் இருந்தால் ஏறத்தாழ ஓர் ஆண்டுக்குள் காலத்தைக் குறுக்கலாம். டொமிஷியன் 81 செப்டம்பரில் ஆட்சிக்கு வந்தார். ஆகவே அவருடைய 'டிஆர் பி' 13 என்பது 93 செப்டம்பர் முதல் 94 செப்டம்பர் வரை. பிற்காலத்தில் இந்தக் கணக்கு டிசம்பர் 10ஐ ஆண்டுத் தொடக்கமாகக் கொண்டது. எப்படியானாலும் அது இரண்டு நாட்காட்டி ஆண்டுகளைத் தொட்டுச் செல்வதால், ஒற்றை ஆண்டாக எழுதாமல் இரண்டையும் எழுதுங்கள்.

கான்சல் எண் அப்படியன்று. அடுத்த முறை பதவி ஏற்கும் வரை பழைய எண்ணே காசில் நீடிக்கும். டிராஜன் ஐந்தாம் முறை 103இலும் ஆறாம் முறை 112இலும் கான்சலானார். ஆகவே 'சிஓஎஸ் வி' என்று மட்டும் உள்ள காசு 103 முதல் 111 வரை எப்போது வேண்டுமானாலும் அடிக்கப்பட்டிருக்கலாம். இங்கே வி என்பது ஐந்து என்ற ரோமானிய எண் என்பதை மறக்க வேண்டாம். அவரைப் பொறுத்தவரை வெற்றிப் பட்டங்களும் படிக்கட்டுகள்: டேசிய வெற்றியைக் குறிக்கும் 'டிஏசி' இருந்தால் 102இன் இறுதிக்குப் பிறகு, பார்த்திய வெற்றியைக் குறிக்கும் 'பார்த்திகோ' இருந்தால் 116 அளவிலோ அதற்குப் பிறகோ.

8. பின்பக்க உருவத்தைப் பெயரிடாமல் பட்டியலிடுதல்

இப்போதுதான் நாணயத்தைத் திருப்ப வேண்டும். திருப்பியதும் 'இது யார்' என்று கேட்காதீர்கள். நிற்கிறதா, அமர்ந்திருக்கிறதா, நடக்கிறதா; எந்தப் பக்கம் பார்க்கிறது; வலக்கையில் என்ன, இடக்கையில் என்ன; காலடியில் என்ன; புலத்தில் என்ன; அடிக்கோட்டுக்குக் கீழே என்ன என்று வரிசையாக எழுதுங்கள். அமைதி, நலம் போன்ற பண்புகளைப் பெண்ணாகக் காட்டும் பண்புருவங்களின் முகங்கள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். கையிலுள்ள பொருளே பெயரைத் தரும்.

தராசும் வளக்கொம்பும் (கனிகள் நிறைந்த கொம்பு) ஏந்தியவள் நேர்மையான அளவைக் குறிக்கும் எக்விதாஸ். அதே கோலத்தில் நாணயச் சாலையின் தெய்வமான மொனேட்டாவும் வருவாள், எழுத்துதான் இருவரையும் பிரிக்கும். சுக்கானும் வளக்கொம்பும் ஃபார்ச்சூனா, நற்பேறு. ஒலிவக் கிளை பாக்ஸ், அமைதி. பாம்புக்குத் தட்டிலிருந்து ஊட்டுபவள் சாலுஸ், நலம். கதிர்களும் தானிய மரக்காலும் அன்னோனா, ரோம் நகரத்துக்கு வரும் தானியம். பூவை உயர்த்தி மறுகையால் ஆடையைச் சற்றே தூக்கி நடப்பவள் ஸ்பெஸ், நம்பிக்கை. இவள் பெரும்பாலும் வாரிசின் காசுகளில் வருவது தற்செயலன்று. தொப்பியும் கோலும் லிபெர்தாஸ், விடுதலை. மயில் ஜூபிடரின் துணைவியான ஜூனோவுக்கு உரியது. தெய்வமாக்கப்பட்ட பேரரசியின் காசில் கழுகின் இடத்தில் மயிலே நிற்கும்.

தேய்ந்த காசில் வளக்கொம்பையும் நீண்ட கோலையும் மாற்றிக்கொள்வது எளிது. மேல்நுனி விரிந்து கனிகள் பிதுங்கினால் கொம்பு. நேராகத் தரையைத் தொட்டால் கோல். நுனி தேய்ந்துபோயிருந்தால் கீழ்நுனியைப் பாருங்கள்.

9. இனி, சின்னத்தின் பொருள்

ஆள், ஆண்டு, பொருள்கள் மூன்றும் கையில் இருப்பதால், ஒவ்வொரு சின்னத்திடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இந்த ஆண்டில் இந்த ஆட்சி எதை நம்ப வைக்க விரும்பியது? சின்னம் அரசின் கூற்று. நடந்ததன் பதிவு அன்று.

சில கூற்றுகள் நடந்த நிகழ்ச்சியை ஒட்டியவை. எகிப்தைக் கைப்பற்றியதை அகஸ்டஸின் காசு ஒரு முதலையால் சொல்கிறது. வெஸ்பாசியனின் காசில் வெற்றிக் கம்பத்தின் அடியில் துயரத்தோடு அமர்ந்த பெண்ணும், 'யூதேயா' என்ற சொல்லும். 80இல் டைட்டஸ் வெளியிட்ட யானைக் காசு, அதே ஆண்டில் கொலோசியம் திறப்புவிழாவில் நடந்த காட்சிகளோடு பொருந்துகிறது. டிராஜனின் ஒட்டகம், 106இல் இணைக்கப்பட்ட அரேபிய மாநிலத்தின் அடையாளம். இந்த யானையை இந்தியாவோடும் ஒட்டகத்தைப் பாலைவன வணிகத்தோடும் இணைத்து எழுதும் ஆசை பலருக்கு வருகிறது. ஆண்டையும் எழுத்தையும் முதலில் படித்தவருக்கு அந்த ஆசை வராது.

வேறு சில கூற்றுகள் நிலைமைக்கு நேர்மாறானவை. 68, 69ஆம் ஆண்டுகளின் உள்நாட்டுப் போரில் படைகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டிருந்தபோது வெளியான காசுகளில், பற்றிய இரு கைகளும் 'படைகளின் விசுவாசம்' என்ற சொற்களும் இருக்கின்றன. 202இல் காரகல்லா ப்லாவ்தில்லாவை மணந்தபோது, இருவரும் கைகோத்து நிற்கும் 'கான்கோர்டியா' (ஒற்றுமை) காசுகள் அவள் பெயரில் வந்தன. அவளை அவர் வெறுத்தார், 205இல் அவள் நாடுகடத்தப்பட்டாள், பின்னர் கொல்லப்பட்டாள். 'கான்கோர்டியா' என்ற சொல்லை வைத்து அந்த இல்லறம் இனிதாக இருந்தது என்று எழுதுபவர், அரசு எதைச் சொல்ல வேண்டிய கட்டாயத்தில் இருந்தது என்ற மிகச் சுவையான செய்தியைத் தவறவிடுகிறார்.

நாணயம் பெயர் சொல்லாத உருவத்துக்கு நீங்களும் உறுதியாகப் பெயர் சொல்லாதீர்கள். டைபீரியஸின் மிகப் பரவலான தினாரியஸில், கோலும் கிளையும் ஏந்தி அமர்ந்த பெண்ணைச் சுற்றி 'பொன்டிஃப் மேக்ஸிம்' என்ற பேரரசரின் பதவி மட்டுமே உள்ளது. அவளை அவருடைய தாய் லிவியா என்று பலர் சொல்கிறார்கள். 'லிவியாவாகக் கருதப்படும் உருவம்' என்று எழுதுவதே முறை.

10. ஒரு காசு, தொடக்கம் முதல் இறுதி வரை

தென்னிந்தியாவில் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகளில் மிகுதியாகக் காணப்படும் இரண்டு வகைகளில் ஒன்று மேலே சொன்ன டைபீரியஸ் காசு. மற்றொன்றை இங்கே எடுத்துக்கொள்வோம். எடை 3.7 கிராம் என்று வைத்துக்கொண்டால், நீரோவுக்கு முந்தையதாக இருக்க வாய்ப்புண்டு. முகப்பில் வாகை சூடி வலம் பார்க்கும் இளந்தலை. எழுத்து: 'சீசர் அகஸ்துஸ் திவி எஃப் பாத்தெர் பாத்ரியே'. 'திவி எஃப்' என்பதால் தெய்வமான ஜூலியஸ் சீசரின் மகன். நாட்டின் தந்தை என்ற சிறப்பு அகஸ்டஸுக்குக் கி.மு. 2இல் கிடைத்தது, ஆகவே காசு அதற்கு முந்தியது ஆகாது.

பின்பக்கத்தில் நீளங்கி அணிந்த இருவர் நேராக நிற்கிறார்கள். நடுவே இரண்டு கேடயங்கள், இரண்டு ஈட்டிகள். மேலே சிறு அகப்பையும் வளைந்த கோலும். எழுத்து, 'அகஸ்டஸின் மகன்கள், கான்சலாகக் குறிக்கப்பட்டவர்கள், இளைஞரின் தலைவர்கள்' என்று பொருள்படுகிறது. கீழே 'சி எல் சீசரெஸ்', அதாவது கையஸ், லூசியஸ் என்ற இரு சீசர்கள். அகப்பை பூசாரியின் கருவி, கையஸ் வகித்த பதவி. வளைகோல் பறவை நிமித்தம் பார்ப்போருடையது, லூசியஸ் வகித்த பதவி. அச்சகம் லுக்துனும், இன்றைய பிரான்சின் லியோன்.

இப்போது பொருள் தானாகத் திறக்கிறது. மகளின் பிள்ளைகளைத் தத்தெடுத்துக் குடும்ப ஆட்சியை நிறுவ முயன்ற முதியவர், மூப்படையாத தன் முகத்தின் மறுபக்கத்தில், படையும் சமயமும் இரண்டும் கைவந்த இரு வாரிசுகளை நிறுத்துகிறார். லூசியஸ் கி.பி. 2இலும் கையஸ் கி.பி. 4இலும் இறந்துபோனார்கள். பின்பக்கத்தை மட்டும் முதலில் பார்த்தவர் இதை 'இரு வீரர்கள்' என்று எழுதியிருப்பார். அப்படிப் பெயரிட்ட உறைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

11. நம் மண்ணில் கிடைத்த காசுகளுக்குத் தனிக் கவனம்

இந்தியாவில் கிடைக்கும் காசுகள் சிலவற்றில் தலையின் குறுக்கே உளியால் வெட்டிய தடம் இருக்கும். 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த 501 பொற்காசுகளிலும் மிகப் பலவற்றில் இப்படி வெட்டு இருந்தது. உள்ளே வேறு உலோகம் உண்டா என்று சோதிக்க வெட்டினார்கள் என்றும், காசாகச் செல்லாமல் ஆக்குவதற்காக வெட்டினார்கள் என்றும் இரு விளக்கங்கள் உள்ளன. வெட்டை 'சேதம்' என்று ஒதுக்காமல், எந்தப் பக்கம், எந்தத் திசை, எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதுங்கள்.

அகஸ்டஸ், டைபீரியஸ் காசுகளைப் பார்த்து அக்காலத்திலேயே செய்யப்பட்ட சாயல் காசுகளும் இங்கே உண்டு. அவற்றில் எழுத்துகள் வெறும் கோடுகளாகவும் வட்டங்களாகவும் சிதைந்து, உருவங்கள் எளிமையாகியிருக்கும். எழுத்துப் படிக்க முடியவில்லை என்பதற்காக இவற்றை நவீனப் போலி என்று தள்ளிவிடாதீர்கள். 4ஆம் படியின் விளிம்புச் சோதனை இரண்டையும் பிரித்துக் காட்டும்.

12. பதிவும் பாதுகாப்பும் சட்டமும்

முதல் ஏழு படிகளின் குறிப்பு முடிந்த பிறகே ஒப்பிட்டுப் பாருங்கள். அமெரிக்க நாணயவியல் கழகம் பங்கேற்று நடத்தும் ஓசிஆர்இ என்ற இணையத் தரவுத்தளம் இலவசம். ஆள், உலோகம், எழுத்து, உருவம் என்று தனித்தனியாகத் தேடலாம். படத்தை மட்டும் பார்த்து 'இதுபோல் இருக்கிறது' என்று எண்ணிடாமல், எழுத்து முழுதும் ஒத்துப்போகிறதா என்று சரிபாருங்கள். 'பி பி' என்ற இரண்டே எழுத்து கூடினாலும் குறைந்தாலும் அது வேறு வெளியீடு.

மெல்லிய பிவிசி உறைகள் நாளடைவில் பச்சைப் பிசினைக் கசியவிடும். பாலியெஸ்டர் உறையே நல்லது. ரப்பர் வளையமும் செய்தித்தாளும் வெள்ளியைக் கறுக்கச் செய்யும் கந்தகம் கொண்டவை. அவற்றில் பொதிந்து வைக்காதீர்கள்.

நிலத்தில் புதைந்து கிடந்த காசுகளைக் கண்டெடுத்தால், 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே இது பொருந்தும். நூறாண்டு கடந்த நாணயங்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. குவியலாகக் கிடைத்தவற்றைப் பங்கிடவோ நல்லவற்றை மட்டும் பொறுக்கவோ கூடாது. அதிலுள்ள மிகப் பிந்திய காசுதான் அந்தக் குவியல் எப்போதுக்கு முன் புதைக்கப்பட்டிருக்க முடியாது என்பதைச் சொல்கிறது; அந்த ஒன்றே பிரித்தெடுக்கப்பட்டுப் போய்விட்டால், மற்ற எல்லாக் காசுகளையும் எவ்வளவு கவனமாகப் படித்தாலும் புதைத்த காலம் தெரியவராது. கலமும் மண்ணும் உட்பட, கிடைத்த நிலையிலேயே ஒப்படையுங்கள்.